அடைப்பே இல்லாத இதயத்துக்குள் கொழுப்பு எப்படிப் போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மே மாதம் ஏற்காடு போனபோது சின்ன ஏற்றத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஞ்சியோகிராம் எடுத்தோம், அடைப்பு எதுவும் இல்லை. எக்கோ பார்த்த மருத்துவர், “இதயம் சுருங்குவது நன்றாக இருக்கிறது, தளர்வதுதான் சரியில்லை. உடல் பருமனால் இதயத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது” என்றார். அடைப்பே இல்லாதபோது கொழுப்பு இதயத்துக்குள் எப்படிப் போகும்? வீட்டில் எண்ணெயை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். மூன்று நாள் வெறும் தண்ணீர் குடித்து விரதம் இருந்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். இருக்கலாமா?

பதில்: மூன்று நாள் தண்ணீர் விரதம் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் வேண்டாம் என்பது உங்கள் முதல் கேள்விக்கான விடைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். நான் சேலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பிப்பவன். அப்பாவைப் பரிசோதித்து மருந்து எழுத வேண்டியவர் அவருடைய மருத்துவர்தான். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் விளக்குகிறேன்.

“இதயத்தில் கொழுப்பு” என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வேறு வேறு இடங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலாவது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளின் சுவர். அங்கே கொலஸ்ட்ரால் படிந்து தடிப்பதைத்தான் அடைப்பு என்கிறோம். ஆஞ்சியோகிராம் காட்டுவது இதைத்தான். இரண்டாவது, இதயத்தின் வெளிப்பரப்பில் படர்ந்திருக்கும் கொழுப்பு அடுக்கு. இது எல்லோருக்கும் ஓரளவு உண்டு, பருமன் உள்ளவர்களுக்குத் தடிமன் கூடும், எக்கோவிலேயே தெரியும். உங்கள் மருத்துவர் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது, இதயத் தசைச் செல்லின் உள்ளேயே நுண்ணிய துளிகளாகச் சேரும் டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பு. இது ஆஞ்சியோகிராமிலும் தெரியாது, எக்கோவிலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற தனி முறையில் அளக்கலாம். ஆனால் அது ஆராய்ச்சிக்கான அளவீடு, வழக்கமான பரிசோதனை இல்லை. நீங்கள் கேட்பது இந்த மூன்றாவது கொழுப்பைப் பற்றி.

இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறாகச் செல்லில் இருக்கிறது. கையிருப்பு என்று பார்த்தால் சில நொடிகளுக்குத்தான் வரும். ஆகவே இடைவிடாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இதயம் அந்த ஆற்றலில் 60 முதல் 70 சதவீதம் வரை கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது. மீதி குளுக்கோஸ், தசைகள் உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட், கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள். எனவே இதயச் செல்லுக்குள் கொழுப்பு போவது நோயல்ல. அதுதான் அதன் அன்றாட உணவு. சாப்பிட்டவுடன் குளுக்கோஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, இரவில் கொழுப்பின் பக்கம் திரும்பி, ஓடும்போது லாக்டேட்டையும் எடுத்து, கிடைப்பதற்கு ஏற்ப மாறிக்கொள்வதுதான் ஆரோக்கியமான இதயத்தின் இயல்பு. பருமனில் முதலில் கெடுவது இந்த மாறும் திறன்.

கொழுப்பு அமிலம் இதயத்துக்கு இரண்டு வழியாக வருகிறது. உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வெளியேறி, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு வருவது ஒன்று. கல்லீரலும் குடலும் அனுப்பும் கொழுப்புத் துகள்களில் டிரைகிளிசரைடாக அடைபட்டு வருவது மற்றொன்று. அந்தத் துகள்களை இதயத்தின் தந்துகிகளின் உட்சுவரில் இருக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி உடைத்து, கொழுப்பு அமிலத்தை விடுவிக்கிறது. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் தசைச் செல்லின் சவ்வைக் கடக்க வேண்டும்.

கொழுப்பு அமிலம் எண்ணெய்த் தன்மை கொண்டது, சவ்வும் கொழுப்பால் ஆனது, ஆகவே தானாகவே ஊறி உள்ளே போய்விடும் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. ஓரளவு அப்படியும் போகிறது. ஆனால் இதயத்துக்குள் போவதில் பெரும்பங்கைப் புரதங்கள்தான் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் முதன்மையானது சிடி-36. ஜப்பானில் பிறவியிலேயே சிடி-36 இல்லாதவர்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். கொழுப்பு அமிலத்தைப் போன்ற ஒரு கதிரியக்கப் பொருளை அவர்களுக்குச் செலுத்தி ஸ்கேன் எடுத்தால், அவர்களுடைய இதயம் படத்தில் தெரிவதே இல்லை. இந்தப் புரதத்தின் முக்கியத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிடி-36 எப்போதும் செல்லின் மேற்பரப்பில் இருப்பதில்லை. அதில் ஒரு பகுதி செல்லின் உள்ளே எண்டோசோம் என்னும் சிறு பைகளில் காத்திருக்கிறது. சாப்பிட்ட பின் இன்சுலின் வந்தாலோ, உழைப்பால் இதயம் வேகமாகச் சுருங்கினாலோ அந்தப் புரதம் மேற்பரப்புக்கு வருகிறது. தேவை தீர்ந்ததும் உள்ளே திரும்பிவிடுகிறது. குளுக்கோஸை உள்ளே எடுக்கும் குளூட்-4 என்ற புரதத்துக்கும் இதே ஏற்பாடுதான். இரண்டும் சேர்ந்து வரும், சேர்ந்து போகும். இதயம் இரண்டு எரிபொருளையும் அளவாகப் பெறுவது இதனால்தான்.

பருமனில் இந்த ஒழுங்கு குலைகிறது. மரபிலேயே பருமனாகும் ஸூக்கர் எலிகளிலும், கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்துக் கொழுக்கவைத்த எலிகளிலும் நெதர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் கண்டது இது: சிடி-36 மேற்பரப்புக்கு வந்த பிறகு திரும்பிப் போவதில்லை, அங்கேயே தங்கிவிடுகிறது. குளூட்-4 நேர்மாறாக உள்ளேயே நின்றுவிடுகிறது. எண்டோசோம் பைகளின் உட்பகுதி அமிலத்தன்மையோடு இருந்தால்தான் சிடி-36 அங்கே தங்கும். அந்த அமிலத்தன்மையைக் காப்பது சவ்வில் உள்ள ஒரு புரோட்டான் பம்ப். செல்லுக்குள் கொழுப்பு மிகும்போது அந்தப் பம்ப் இரண்டாகப் பிரிந்து செயலிழக்கிறது. பை அமிலத்தன்மையை இழக்கிறது, சிடி-36 வெளியேறி மேற்பரப்பில் குடியேறுகிறது. அது இன்னும் கொழுப்பை உள்ளே கொண்டுவருகிறது. கொழுப்பு மிகுந்ததால் மேலும் கொழுப்பு நுழையும் சுழல் இது.

இதனால்தான், ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் வைத்து இதயச் செல்லின் நிலையை முடிவு செய்யாதீர்கள் என்று மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன். பருமன் உள்ள பலருக்கு ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தின் அளவு பெரிதாக உயர்ந்திருப்பதில்லை. அப்போதும் இதயச் செல் வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கும். வந்து சேரும் சரக்கு கூடியிருக்கிறது என்பது பாதி உண்மை. உள்ளே எடுக்கும் திறனே கூடியிருக்கிறது என்பது மறுபாதி.

அதிகமாக வருவதை இதயம் முதலில் எரித்துத் தீர்க்கப் பார்க்கிறது. கொழுப்பு அமிலங்களே பிபிஏஆர்-ஆல்பா என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டி, கொழுப்பை எரிக்கும் நொதிகளைக் கூடுதலாக உண்டாக்கச் செய்கின்றன. பருமனான இளம்பெண்களின் இதயத்தை பெட் ஸ்கேன் மூலம் ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், அவர்களது இதயம் கூடுதல் கொழுப்பு அமிலத்தை எடுத்தது, எரித்தது, கூடுதல் ஆக்சிஜனையும் செலவிட்டது. ஆனால் செய்த வேலை அதற்கு ஏற்பக் கூடவில்லை. இதற்கு ஒரு காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. அதே அளவு ஏடிபி உண்டாக்க, குளுக்கோஸைவிடக் கொழுப்பு அமிலத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். கொழுப்பு மிகுதியாக எரியும்போது குளுக்கோஸ் எரிவது தடைப்படும் என்பதை ராண்டில் குழுவினர் 1963-இலேயே காட்டிவிட்டார்கள். ஆக, அந்த இதயம் செலவு அதிகமான எரிபொருளிலேயே சிக்கிக்கொள்கிறது.

அப்பாவுக்கு ஏற்காட்டில் ஏன் மூச்சு வாங்கியது என்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல இதயம் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கும்போது இதை உணரமாட்டார்கள். ஆக்சிஜனைக் கூடுதலாகச் செலவிடும் இதயம், கிடைப்பதும் குறைந்த இடத்தில், ஏற்றத்தில் நடக்கும்போது தன் எல்லையைக் காட்டிவிடுகிறது. மலை நோயைக் கொடுக்கவில்லை, இருந்ததை வெளியே கொண்டுவந்தது. சீக்கிரம் தெரிந்ததே நல்லது என்று நினைக்கிறேன்.

எரிக்கும் திறனுக்கு வரம்பு உண்டு. வருவது அதைத் தாண்டும்போது மீதியைச் செல் டிரைகிளிசரைடாக மாற்றி, பெரிலிப்பின் என்ற புரதம் போர்த்திய கொழுப்புத் துளிகளாகச் சேமிக்கிறது. மெலிந்தவர்களின் இதயத் தசையில் இதன் அளவு ஸ்பெக்ட்ரோஸ்கோபி கணக்கில் அரை சதவீதத்தை ஒட்டியும், பருமனோ சர்க்கரை நோயோ உள்ளவர்களிடம் ஒரு சதவீதத்தை ஒட்டியும் இருந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கல்லீரலில் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். இதயத்தில் ஒரு சதவீதமே கவலைக்குரியதாகிறது. காரணம், இதயம் கொழுப்பைச் சேமிப்பதற்கென்று அமைந்த உறுப்பல்ல.

ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்: அந்தத் துளியில் இருக்கும் டிரைகிளிசரைடு நேரடியாகச் செல்லைக் கொல்வதில்லை. உங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் லீ பஜார் மொத்தச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்குள் அடுக்கிய மூட்டையால் யாருக்கும் தொல்லை இல்லை. கிடங்கு நிரம்பிய பிறகும் லாரிகள் வந்துகொண்டே இருந்தால், தெருவில் இறக்கிப்போட்ட மூட்டைகள்தான் வழியை மறிக்கும். செல்லில் அப்படி வெளியே கிடப்பவை செராமைடு, டையசில்கிளிசரால் போன்ற இடைநிலைக் கொழுப்புகள். டையசில்கிளிசரால், இன்சுலின் சொல்வதைச் செல் கேட்காதபடி சமிக்ஞையைத் தடுக்கிறது. செராமைடு இன்னும் கொடியது. இன்சுலினின் பாதையை மறிப்பதோடு, செல்லுக்கு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்துச் செல்லைத் தன்னழிவுக்கும் தள்ளுகிறது. ரோஜர் உங்கர் குழுவினர் 2000-இல் பருமனான எலிகளின் இதயத்தில் டிரைகிளிசரைடும் செராமைடும் சேர்வதையும், தசைச் செல்கள் மடிவதையும், கொழுப்பைக் குறைத்தால் அந்தச் சேதம் தடுக்கப்படுவதையும் காட்டினார்கள்.

அப்படியானால் கிடங்கைப் பெரிதாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். எலிகளில் டிரைகிளிசரைடை உண்டாக்கும் நொதியை இதயத்தில் கூட்டியபோது உண்மையிலேயே செராமைடு குறைந்தது. ஆனால் துளியிலிருந்து கொழுப்பைத் திரும்ப எடுக்கும் ஏடிஜிஎல் என்ற நொதி இல்லாத எலிகளில் நிலைமை வேறு. அவற்றின் இதயம் கொழுப்பால் நிரம்பி, சில மாதங்களில் இதயச் செயலிழப்பால் அவை இறந்தன. இந்த நொதியில் குறைபாட்டோடு பிறக்கும் மனிதர்களுக்கும் இதயத் தசை நோய் வருகிறது. சேமிப்பதும் வேண்டும், எடுத்து எரிப்பதும் வேண்டும். நெடுந்தூரம் ஓடும் வீரர்களின் கால் தசையில் கொழுப்புத் துளிகள் நிறையவே இருக்கும். ஆனாலும் இன்சுலின் அங்கே மிக நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்தக் கொழுப்பு தினமும் வந்து தினமும் செலவாகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கும் ஒருவருடைய உடலில் அந்தச் செலவு நடப்பதில்லை. உடல் நலம் பற்றிப் பேசும்போது நம் ஊரில் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த உட்கார்ந்த வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் வருத்தம். வெள்ளிப் பட்டறையிலும் கடைக் கல்லாவிலும் பத்து மணி நேரம் அசையாமல் இருப்பவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர்!

மருத்துவர் ஏன் “தளர்வது சரியில்லை” என்றார்? சுருங்கிய இதயம் தானாகத் தளர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். சுருங்கும்போது செல்லுக்குள் பரவிய கால்சியத்தை ஏடிபி செலவழித்து மீண்டும் அதன் சேமிப்பு அறைக்குள் ஏற்ற வேண்டும். ஆற்றல் உற்பத்தி தடுமாறும்போது முதலில் பாதிக்கப்படுவது இந்தப் பணி. இடது கீழறை முழுதாகத் தளராமல் விறைப்பாக இருந்தால், ரத்தம் நிரம்ப அதிக அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் வரை போகிறது. அதுதான் மூச்சு வாங்குதல். சுருங்கும் திறன் சரியாக இருந்தும் இதயம் தளரும் திறனை இழந்து செயலிழக்கும் நிலைக்குப் பருமன் ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 2002-இல் சொன்னது: உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) ஒவ்வொன்று கூடும்போதும் இதயச் செயலிழப்பு அபாயம் ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் கூடுகிறது. அப்பாவின் குறியீட்டெண் ஏறக்குறைய 31. இந்தியர்களுக்கு 25-லிருந்தே பருமன் என்று கணக்கிடுகிறோம், ஏனென்றால் அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்கு உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் அதிகம். அவருடைய இடுப்புச் சுற்றளவையும் அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. தான் எல்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். அதை நிறுத்தினால் மட்டும் ஏன் போதாது? பருமனால் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரலில் சேர்ந்த டிரைகிளிசரைடு எங்கிருந்து வந்தது என்று 2005-இல் ஓர் ஆய்வு பிரித்துப் பார்த்தது. 59 சதவீதம் உடலின் சொந்தக் கொழுப்புத் திசுவிலிருந்து வந்தது. 26 சதவீதம் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு கல்லீரலே புதிதாக உண்டாக்கியது. சாப்பாட்டில் இருந்த கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். கல்லீரல் அதைத் துகள்களாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது, இதயம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எண்ணெயை ஒழித்துவிட்டு, பசி தாங்காமல் சோற்றைக் கூட்டி, மாலையில் ஜவ்வரிசிப் பாயசமும் பருவத்தில் மல்கோவாவும் தாராளமாகச் சேர்த்தால் கணக்கு மாறாது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. நம் மாவட்டத்தின் பெருமைதான், ஆனால் அப்பாவின் தட்டில் அது குறைய வேண்டும். அளவாக எண்ணெய் இருக்கட்டும். பருப்பு, பயறு, கீரை, முட்டை கூடட்டும். சோறும் இனிப்பும் குறையட்டும்.

இப்போது விரதம். உணவே இல்லாதபோது இன்சுலின் தாழ்ந்து, கொழுப்புத் திசு தன் சரக்கை ரத்தத்தில் கொட்டுகிறது. அவ்வளவும் போகும் இடங்களில் ஒன்று இதயம். ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று நாள் முழுப் பட்டினி இருக்கவைத்து 2007-இல் நெதர்லாந்தில் அளந்தபோது, இதயத் தசையில் டிரைகிளிசரைடு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது, இதயம் தளரும் திறனும் குறைந்தது. நல்ல இதயத்துக்கு அது சில நாளில் சரியாகிவிடும். ஏற்கெனவே தளர முடியாத இதயத்துக்கு அந்தச் சோதனை எதற்கு? உறவினர் நினைப்பதற்கு நேர் எதிரான விளைவு இது.

மெதுவாக, தொடர்ந்து குறைப்பது வேறு கதை. பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்தவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் 16 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து 2008-இல் நடந்த ஆய்வில், எடை குறைந்ததோடு இதயத் தசையின் டிரைகிளிசரைடும் குறைந்தது, தளரும் திறனும் மேம்பட்டது. திசுவில் இருப்பு குறைந்து, இன்சுலினும் ஒழுங்குக்கு வரும்போது இதயத்துக்கு வந்து சேரும் கொழுப்பு குறைகிறது. நடை இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து உதவும். உடல் தசைகள் கொழுப்பைச் செலவழிக்கும்போது இதயத்தின் மேல் விழும் சுமை குறைகிறது. பட்டறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். மாலையில் சமதளத்தில், பேச்சுத் தடைப்படாத வேகத்தில் அரை மணி நேரம் போதும். மலையேற்றம் பிறகு, மருத்துவர் சம்மதித்த பிறகு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், மூச்சு வாங்குவதற்கு அவையும் காரணமாகலாம். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்பதையும் பேசுங்கள். எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் என்ற இரண்டும் சர்க்கரைக்காக வந்தவை. தளரும் திறன் குன்றிய இதயச் செயலிழப்பில் அவை பயன் தருவதை 2021, 2022-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. எடை குறைக்கும் செமாகுளூடைடு ஊசி இதே நிலையில் உள்ள பருமனானவர்களின் அறிகுறிகளைக் குறைத்ததை 2023-இல் கண்டார்கள். எது பொருந்தும் என்பது மருத்துவரின் முடிவு.

அப்பா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் பெயர் “கிளிஃபுளோசின்” என்று முடிந்தால், பட்டினி அவருக்கு இன்னும் ஆபத்து. அந்த மருந்தோடு உணவில்லாமல் இருந்தால் ரத்தத்தில் கீட்டோ அமிலங்கள் ஏறிவிடலாம். குளுக்கோமீட்டர் சர்க்கரையைப் பெரிதாக உயர்த்திக் காட்டாதபோதும் அது நடக்கும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கோயில் விரதமோ அறுவைச் சிகிச்சையோ எதுவாக இருந்தாலும், ஒருநாள் சாப்பாட்டை விடுவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டு, எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.